ரெண்டாவது பொட்டலம்

டிரைவிங் ஸ்கூல் நடத்தறவன் எதுக்கு பஸ்ல போறான்னுதானே கேக்கறீங்க. நியாயமான கேள்விதானுங்க. காரு மேல இருக்குது, தாளவாடியில. எம்பட சம்சாரம் எடுத்துட்டுப் போயிட்டா. போன வியாழக்கிழமை ஆர்டிஓ ஆபீஸ் வேலையா ஒருத்தரோட பைக்குல போயிட்டு மத்தியானம் வர்றேன், வாசல்ல காரைக் காணோம். சாவி மாட்டற ஆணியில ஒரு சீட்டு தொங்குது. 'வேலையில சேரப் போறேன். சோறு குக்கர்ல இருக்குது. காரை வந்து எடுத்துக்கோங்க.' அவ்வளவுதான்.

இருக்கறதே ஒரு காருங்க. பதினோரு பேரு பழகிட்டு இருக்காங்க. மூணு நாளா ஒவ்வொருத்தரா போன் பண்ணி, மாஸ்டர் எப்ப வரட்டும், மாஸ்டர் எப்ப வரட்டும்னு ஒரே தொந்தரவு. நான் என்னன்னு சொல்றது? எம்பட சம்சாரம் எல் போர்டோட திம்பம் மலை ஏறிட்டான்னு சொல்றதா?

நீங்க ஆசனூர்ல எறங்கறீங்களா. சரிங்க, இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. கொஞ்சம் ஜன்னலைத் தொறந்து விடுங்க, காத்து வரட்டும். எம்பேரு மகுடீஸ்வரன். சத்தியமங்கலத்துல மகுடு மாஸ்டர்னா பஸ் ஸ்டாண்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

இருவத்தேழு கொண்டை ஊசி வளைவுங்க. நீங்க வாராவாரம் போறவரு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல இருந்து கரும்பு லாரி ஒண்ணு திரும்புச்சுன்னா கீழ பத்து வண்டி நிக்கோணும். இதுல அவ ஒத்தையில ஏத்தியிருக்கறா. லைசென்ஸ் வாங்கிக் குடுத்தது நாந்தாங்க, இல்லைங்கலை. ஓட்டப் பழக்கிக் குடுத்ததும் நாந்தான். ஆனா ஒரு நாளும் ஒத்தையில விட்டதில்லை. பக்கத்துலயே உக்காந்திருப்பேன். எங்க காருல எம் பக்கமும் ஒரு பிரேக்கு இருக்குமுங்க, பழகறவங்க தடுமாறினா நான் போடறதுக்கு. அவ காலை எடுத்து வெக்கறதுக்கு முன்னாடியே நான் போட்டுருவேன். அதனால அவளுக்கு பிரேக்கு எங்க போடோணும்னே தெரியாம போச்சு, பாவம். அப்படிப்பட்டவளை நம்பி வண்டியைக் குடுக்க முடியுங்களா?

காலா? அது ஒண்ணுமில்லீங்க. வளைவு வந்தா காலு தானா அமுத்தும். பதினெட்டு வருசப் பழக்கம். உங்க பையை வேணா அக்கட்ட நகத்தி வெச்சுக்கோங்க.

எல்லாம் ஒரு வெளையாட்டுல வந்த வெனைங்க. சீட்டாட்டமில்லை, அந்தப் பழக்கமெல்லாம் நமக்கு கெடையாது. இது கதை சொல்லி வெளையாடற ஆட்டம். ஒரு மேசையைச் சுத்தி நாலு பேரு உக்காருவோம். ஒருத்தர் கதையை நடத்துவாரு. காடு வருது, புலி வருது, என்ன பண்றீங்கன்னு கேப்பாரு. மத்தவங்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம், அதோட சக்தியெல்லாம் எழுதி வெக்க ஒரு அட்டை. நான் மரத்துல ஏறறேன்னு ஒருத்தர் சொன்னா, ஏறினாரா வுழுந்தாரான்னு டைஸு உருட்டிப் பாக்கறது. அந்த டைஸுக்கு இருவது மொகமுங்க. மொதல்ல பாத்தப்ப எனக்கே சிரிப்புத்தான். அப்புறம் பாத்தா ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா கை பரபரங்கும்.

எம்பட மச்சினன் நவநீதன்தான் கொண்டாந்தது. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாத்தவன், இப்ப ஊட்டுல இருந்தே பாக்கறான். அவன், எம்பட சம்சாரம் சுகந்தி, பக்கத்து வூட்டு ரெஜினா டீச்சர், நான். மொத ரெண்டு வாரம் நவநீதன்தான் கதையை நடத்துனான். நல்லாத்தான் நடத்துனான். ஆனா பாருங்க, எங்கூட்டு மேசை, எங்கூட்டுக் காப்பி, இதுல அவன் நடத்தறதுன்னா எப்படி? மூணாவது வாரம் ஆட்ட விதி போட்டிருக்கற புஸ்தகத்தை அவன்கிட்ட இருந்து நான் வாங்கிக்கிட்டேன். மாஸ்டர் வேலை நமக்குப் புதுசா என்னங்க?

இந்த ஆட்டத்துல சக்தி மூணு ரகமுங்க. நவநீதனோட ஆளு மந்திரவாதி. ஏடு படிச்சுக் கத்துக்கிட்டவன், யாரும் புடுங்க முடியாது. டீச்சரோட ஆளு வில்லுக்காரி. கையும் கண்ணும்தான் சொத்து, அதையும் புடுங்க முடியாது. சுகந்தி எடுத்தா பாருங்க, அது மூணாவது ரகம். வரம் வாங்குன ஆளு. கொன்றைன்னு பேரு வெச்சிருந்தா. காயத்து மேல கையை வெச்சா ஆறிரும், காய்ச்சக்காரன் நெத்தியைத் தொட்டா எறங்கிரும். ஆனா அந்தச் சக்தி கொன்றையோடது கெடையாது. ஏழுமடையம்மான்னு ஒரு சாமி, அது குடுத்தது. கட்டுப்பாட்டை மீறினா சாமி திருப்பி எடுத்துக்கும். புஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்க, நானா சொல்லலை.

அந்தச் சாமிக்காக யாரு பேசுவான்னு கேளுங்க. கதை நடத்தறவன்தான். அப்ப சாமி யாரு? நாந்தான்.

நெசமாலுமே நல்ல சாமியாத்தான் இருந்தேனுங்க. அவ கேக்கறதுக்கு முன்னாடியே குடுப்பேன். ஒரே ஒரு கட்டுப்பாடுதான் வெச்சேன். ஏழு மடைதான் சாமியோட எல்லை, அதைத் தாண்டிப் போகக் கூடாது. போகோணும்னா சாமிகிட்ட உத்தரவு கேட்டுட்டுப் போகோணும். இதுல என்னங்க தப்பு? ஊட்டுலயும் அதுதானே. சாயங்காலம் டீச்சரோட கடைக்குப் போறதுன்னா ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டுட்டுப் போவா. நான் வேண்டாம்னு சொன்னதே கெடையாது. ரெண்டு மூணு தடவை சொல்லியிருப்பேன்.

உத்தரவு கேக்கறதுக்கும் டைஸுதான் உருட்டோணும், புஸ்தகப்படி. சுகந்திதான் ஒத்துக்கலை. "சாமிகிட்டக் கேக்கறதுக்குக் கட்டையா உருட்டுவாங்க? பூக் கேக்கலாமுங்க"ன்னா. நம்மூர்ல கேப்பமில்லைங்க, பொண்ணு பாத்தா, கெணறு தோண்டினா, கோயில்ல போயி வெள்ளப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம் மடிச்சு சாமி முன்னால போட்டு ஒண்ணை எடுக்கச் சொல்றது. வெள்ளை வந்தா உத்தரவு, செவப்பு வந்தா வேண்டாம். அதையே ஆட்டத்துல வெச்சா. நவநீதன் அசந்துட்டான். "அக்கா, பெங்களூர்ல இந்த ஆட்டம் ஆடறவங்க ஒருத்தனுக்கும் இந்த ரோசனை வராது"ன்னான். வாசல்ல அரளி ரெண்டு கலர்லயும் நிக்குது. நாள் காலண்டர்த் தாளைக் கிழிச்சு நான் மடிப்பேன். டீச்சர்தான் எடுப்பாங்க, அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, யாரு பக்கமும் சாயமாட்டாங்கன்னு.

மொதத் தடவை ஒழுங்காத்தாங்க மடிச்சேன். ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. வெள்ளை வந்துருச்சு. இவ கெளம்பி மடையைத் தாண்டி எங்கயோ ஒரு சந்தைக்குப் போயி, அங்க ஒரு கெழவனுக்குக் கண் வைத்தியம் பாத்து, அவனோட மக கதையைக் கேட்டு, நான் எழுதி வெச்சிருந்த கதை அப்படியே கெடக்குது. சார்ட் பேப்பர்ல ரெண்டு வாரம் உக்காந்து பாம்பு ராசாவோட கொகை வரைஞ்சு வெச்சிருந்தேனுங்க. ஸ்கெட்ச் பேனாவுல கலர் அடிச்சு. ஒருத்தரும் அந்தப் பக்கமே திரும்பலை. எனக்கு எப்படி இருக்கும்?

அதுக்கப்புறம் ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு வெச்சு மடிச்சேன்.

எதுக்கு அப்படிப் பாக்கறீங்க. கதைன்னா ஒரு பக்கமா போகோணுமில்லைங்க. இந்த பஸ்ஸு நீங்க சொல்ற பக்கமெல்லாம் போனா ஆசனூர் வருமா? நாலு மாசம் ஓடுச்சு. எப்பக் கேட்டாலும் செவப்பு. ரெஜினா டீச்சர்கூட சிரிச்சாங்க, "உங்க சாமிக்கு வெள்ளையே புடிக்காதாட்ட இருக்குது மாஸ்டர்"னு. சுகந்தி சிரிக்கலை. கொஞ்சம் மொகம் வாடும், அப்புறம் சரின்னு கொகைப் பக்கம் வந்துருவா.

இந்த டிரைவரைப் பாருங்க, செகண்டு கியர்ல வர வேண்டிய எடத்துல தேர்டுல வர்றான். வண்டி அழுகறது கேக்குதா. நானா இருந்தா... சரி உடுங்க.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, மூணு வாரம் ஆச்சு. ஏழாவது மடைக்கு அந்தப்பக்கம் கல்மேடுன்னு ஒரு ஊரு, அங்க காய்ச்சல் பரவியிருக்குது, பதினாலு பேரு படுத்த படுக்கைன்னு கதையில ஒரு வரி சொன்னேன். சும்மா, மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி சொன்னேனுங்க. இவ புடிச்சுக்கிட்டா. "கொன்றை அங்க போறா"ன்னா. கொகைக்குள்ள இன்னும் ஒரு வாசல்தான் பாக்கி, பாம்பு ராசா உக்காந்திருக்கறான், இவளுக்குக் காய்ச்சல் பாக்கோணுமாம். உத்தரவு கேளுன்னேன். கேட்டா. கையெடுத்துக் கும்பிட்டே கேட்டா, ஆட்டம்னுகூட நெனைக்காம. டீச்சர் ஒண்ணு எடுத்துப் பிரிச்சாங்க. செவப்பு.

சரி, முடிஞ்சுது, கொகைக்குள்ள வாங்கன்னு நான் சார்ட்டை விரிக்கறேன். சுகந்தி கையை நீட்டி மேசை மேல கெடந்த ரெண்டாவது பொட்டலத்தை எடுத்தா. யாருமே அதை எடுக்கறதில்லைங்க. கோயில்லகூட ஒண்ணைத்தான் பிரிப்பாங்க, இன்னொண்ணை யாரு பாக்கறா? நீங்க எப்பவாவது பாத்திருக்கறீங்களா? இவ பிரிச்சா. பிரிச்சு மேசை மேல வெச்சா. அதுலயும் செவப்பு.

 நவநீதன் டைஸை உருட்டி உருட்டிப் பாத்துட்டு இருந்தான். டீச்சர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாங்க. எனக்கு வந்துது பாருங்க கோவம். சாமி பொட்டலத்தை உத்தரவில்லாம தொடலாமா? அதுவே கட்டுப்பாடு மீறுனதுதானே? புஸ்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "கொன்றைக்கு இனிமே வரம் கெடையாது. சாமி எடுத்துக்கிச்சு"ன்னு சொல்லி, அவ அட்டையில சக்தின்னு எழுதியிருந்த எடத்தை ரப்பர் வெச்சு நானே அழிச்சேன். எட்டு வரி. அழுத்தி எழுதியிருந்தா, பாதி போகலை.

அழுவா, இல்லைன்னா எந்திரிச்சுப் போயிருவான்னு நெனச்சேன். அப்படித்தானே யாரும் பண்ணுவாங்க. இவ தூளை ஊதி விட்டுட்டு, "சரிங்க. வரமில்லாம மடையைத் தாண்டலாமுங்களா?"ன்னா.

தாண்டலாம், ஆனா போயி என்ன பண்ணுவேன்னு கேட்டேன்.

"தண்ணி காய வெப்பேன். உப்பும் சக்கரையும் கலந்து குடுப்பேன். துணி நனைச்சுப் போடுவேன். வேலை தெரியுமில்லைங்க."

வேலை தெரியுந்தான். நர்ஸுக்குப் படிச்சவ. சத்தியில ஒரு கிளினிக்குக்குப் பத்து மணிக்குப் போயி ரெண்டு மணிக்கு வர்றா. அதுக்கு ஒத்துக்கிட்டதும் நாந்தான், கேட்டுப் பாருங்க. நான் சொன்னேன், வரமே இல்லாதவ எப்படிக் காப்பாத்துவா, புஸ்தகத்துல எடமில்லைன்னேன். நவநீதன் பக்கத்தைத் திருப்பிக் காட்டறான், "எடமிருக்குது மாமா. யாரு வேணாலும் முயற்சி பண்ணலாம். டைஸு உருட்டோணும், அவ்வளவுதான்." எங்கூட்டு மேசையில உக்காந்துக்கிட்டு. சரி, பதினஞ்சுக்கு மேல வுழுந்தாத்தான் ஒருத்தர் பொழைப்பாங்கன்னு வெச்சேன். லேசுல வுழாதுங்க அது.

பதினாலு பேருக்கும் ஒவ்வொருத்தரா உருட்டினா. மூணு பேரு பொழைச்சாங்க. சரி முடிஞ்சுதுன்னேன். "முடியலை. மறுநாள் காலையில போயி மறுபடி பாப்பேன்"ங்கறா. ஒரு தடவைதான்னேன். "ஒரு தடவை பாத்துட்டு எந்த நர்ஸுங்க ஊட்டுக்குப் போவா"ன்னா. மறுநாள், அதுக்கு மறுநாள், ஆறு நாளுக்கு உருட்டுனா. டீச்சரோட வில்லுக்காரி வில்லை வெச்சுட்டுத் தண்ணி சொமந்தா. நவநீதனோட மந்திரவாதி அடுப்பு பத்த வெச்சான், அவன் கத்துக்கிட்ட மந்திரத்துக்கு அதுதான் கெடச்ச வேலை. எம்பட பாம்பு ராசா கொகைக்குள்ள தனியா உக்காந்திருக்கறான்.

கடைசியில பதினொருத்தர் பொழைச்சாங்க. மூணு பேரு போயிட்டாங்க. அவ டைஸைக் கீழ வெச்சுட்டு என்னையப் பாத்து, "அந்த மூணு பேருக்கும் பேரென்னங்க?"ன்னு கேட்டா. பேரெல்லாம் வெக்கலைன்னேன். "வெய்யுங்க"ன்னா. அந்தக் குரலை அதுக்கு முன்னாடி நான் கேட்டதில்லை. வெச்சேன். மாரக்கா, குப்பாண்டி, பெரிய தாயின்னு வாயில வந்ததைச் சொன்னேன். அட்டையில அழிச்ச எடத்துலயே எழுதிக்கிட்டா.

எத்தனையாவது வளைவு இது? பதினாறா? காது அடைக்குது.

நவநீதனும் டீச்சரும் போனதுக்கப்புறம் நடந்ததைச் சொல்லோணும், அப்பத்தான் உங்களுக்குப் புரியும், அவ எவ்வளவு பெருசு பண்ணறான்னு. பீரோவுல இருந்து அவளோட பைலை எடுத்தாந்தா. எட்டு வருசத்துக்கு முன்னாடி தாளவாடிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நெலையத்துல அவளுக்கு வேலை போட்டு ஆர்டர் வந்துது. அந்த ஆர்டரை இன்னும் வெச்சிருக்கறா. அப்ப பொண்ணுக்குப் பத்து வயசு. மலை மேல வேலை, தங்கித்தான் பாக்கோணும். பொண்ணை யாரு பாப்பா, என்னைய யாரு பாப்பா? நான் போகாதேன்னு சொல்லலீங்க. நான் அந்த மாதிரி ஆளு கெடையாது. குலதெய்வத்துகிட்டப் பூக் கேக்கலாம், சாமி போன்னா போன்னேன். அவளும் சந்தோசமாத்தான் வந்தா. செவப்பு வந்துது. சாமியே சொல்லிருச்சு, அதுக்கு மேல என்னங்க பேச்சு?

அந்த பைலுக்குள்ள இருந்து ஒரு சின்ன காயிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சா. காஞ்சு போன பூவு. வெள்ள அரளி.

"கோயிலுக்குப் போயிட்டு வந்த மறுநாள் உங்க சட்டையைத் தொவைக்கறப்ப பையில இருந்துது. பிரசாதம்னு நெனச்சு எட்டு வருசமா வெச்சிருக்கறேன். அன்னைக்குக் கோயில்லயும் நீங்கதானுங்களே மடிச்சீங்க?"

ஆமா, நாந்தான் மடிச்சேன். பூசாரிக்கு அன்னைக்குக் கூட்டம், கை ஒழியலை, குடுங்க நானே மடிக்கறேன்னு வாங்கிக்கிட்டேன். அதுக்கென்ன இப்ப? பிரசாதம்னு நெனச்சாளாமில்லை. பிரசாதந்தானுங்களே. கோயில்ல இருந்து வந்த பூவு வேறென்ன?

நான் ஆட்டம் வேற, சாமி வேற, ரெண்டையும் போட்டுக் கொழப்பாதேன்னேன். அவ சத்தமே போடலைங்க. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிருக்கும். மெதுவாச் சொன்னா, "அன்னைக்குச் செவப்பு வந்தப்ப எங்கிட்டத்தான் ஏதோ கொறைன்னு நெனச்சேனுங்க. சாமிக்கே நான் போறது புடிக்கலையாட்டம் இருக்குதுன்னு. எட்டு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் வெளக்குப் போட்டு, நான் என்ன தப்புப் பண்ணினேன்னு கேட்டுட்டு இருந்தேன்."

 காப்பி வெய்யின்னேன்.

வெச்சாளே. வெச்சுக் குடுத்தா. அதனால ஆறிருச்சுன்னு நெனச்சேன். ரெண்டு வாரம் எப்பவும் போல சமைச்சா, கிளினிக்குக்குப் போனா. ஞாயித்துக்கெழமை மட்டும் ஆட்டம் வேண்டாம்னுட்டாங்க மூணு பேரும். இதுக்கு நடுவுல எப்ப விண்ணப்பம் போட்டா, எப்ப நேர்காணலுக்குப் போனான்னே எனக்குத் தெரியாது. அதே தாளவாடிப் பக்கம், அதே மாதிரி வேலை. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. பூவும் கேக்கலை. எம் பொண்ணு கோயமுத்தூர்ல காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கறா, அவளைக் கூப்புட்டுச் சொன்னேன், உங்கம்மா பண்ணின காரியத்தைப் பாருன்னு. "வளைவுல எல்லாம் சூப்பரா ஓட்டினாங்களாம்ப்பா, ஒரு எடத்துலகூட வண்டி நிக்கலையாம்"ங்கறா. நான் எதைச் சொல்றேன், அவ எதைச் சொல்றா.

இன்னைக்கு ஞாயித்துக்கெழமையில்லைங்களா. நவநீதனும் டீச்சரும் காலையில மொத பஸ்ஸுக்கே மேல போயிட்டாங்களாம். டைஸுப் பெட்டியையும் புஸ்தகத்தையும் எடுத்துட்டுத்தான். யாருடா கதையை நடத்தறதுன்னு போன்ல கேட்டேன். மாறி மாறி நடத்திக்குவாங்களாம். அப்பக் கொன்றைக்குச் சாமி யாருடான்னேன். "கொன்றைக்கு இப்பச் சாமி இல்லை மாமா. ஏடு படிக்கறா. எம்பட மந்திரவாதிதான் சொல்லிக் குடுக்கறான்"ங்கறான். வரம் வாங்குன ஆளு ஏடு படிக்கறதா? ரகமே மாறிப் போகுதேன்னு எனக்கு வயிறு எரியுது. மேல போயி ஆட்டத்தையே கெடுத்துட்டாங்க.

நான் சண்டைக்குப் போகலீங்க. அதை மட்டும் நம்புங்க. ஊட்டுல ஒத்தையில உக்காந்து குக்கரைத் தொறந்து பாத்தா, என்னமோ போலாயிருச்சு. மூணு நாளா டீக்கடைச் சாப்பாடு. அந்த மேசையைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போகோணும், நாலு சேரும் அப்படியே கெடக்குது. அவ இல்லாம எனக்கு முடியலீங்க. அதை அவகிட்டச் சொல்லலாம்னா எப்படி ஆரம்பிக்கறதுன்னு வரமாட்டேங்குது. அதனாலதான் வேற மாதிரி ரோசனை பண்ணி வெச்சிருக்கறேன்.

மொதல்ல, வரத்தைத் திருப்பிக் குடுத்தர்றேன். பென்சில்கூட கொண்டாந்திருக்கறேன், பாருங்க. அந்த எட்டு வரியும் எனக்கு மனப்பாடம். அந்த அட்டையில நானே என் கையால எழுதிக் குடுத்தர்றேன். நான் எடுத்ததை நானே குடுக்கறப்ப அதுக்கு மேல ஒரு மனுசன் என்னங்க எறங்கி வர முடியும்?

அப்புறம் இது. சட்டைப் பையில வெச்சு நசுங்கிப் போயிரும்னு கையிலயே புடிச்சிருக்கறேன், பாத்திருப்பீங்க. பூதான். ரெண்டு பொட்டலம். காலையில வாசல்ல பறிச்சு நானே மடிச்சேன். அங்க போயி, மூணு பேரு முன்னாடியும், "நீ திரும்ப வரலாமா வேண்டாமான்னு நான் சொல்லலை, சாமியே சொல்லட்டும்"னு அவகிட்டயே நீட்டுவேன். அவ கையாலயே எடுக்கட்டும். வெள்ளை வந்தாக் கெளம்பிர வேண்டியதுதானே, சாமி உத்தரவுன்னா அவ மீற மாட்டா, எனக்குத் தெரியும். எறங்கறப்ப வேணா காரை அவளே ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.

ஆசனூர் வந்துருச்சா? அதுக்குள்ளயா? ஒரு நிமிசம் இருங்க, எறங்கறதுக்கு முன்னாடி ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்க யாரோ, நான் யாரோ, உங்க கை நல்ல கையா இருக்கும். ஒண்ணு எடுங்க. மனசுக்கு ஒரு தெம்புதான். எது வேணாலும் எடுங்க, பரவால்லை.

பிரிங்க.

பாத்தீங்களா. வெள்ளை. நான் சொல்லலை? அவ வந்துருவா, எனக்கு இப்பத்தான் நிம்மதியா இருக்குது. ரொம்ப நன்றிங்க, பாத்து எறங்குங்க, படி ஒசரம்.

ஏனுங்க, அதை எதுக்கு எடுக்கறீங்க. அது வேண்டாமுங்க. அதான் ஒண்ணு வந்துருச்சில்லைங்க. குடுங்க இப்படி, பிரிக்காதீங்க.